கொசுவை ஒத்த பூச்சிகள் (சென்னை)

கொசுவை ஒத்த பூச்சிகள் என்பவை மெல்லிய உடல், நீண்ட கால்கள், ஒளி ஊடுருவும் சிறகுகள் ஆகியவற்றால் கொசு எனத் தவறாகக் கருதப்படும் சிறு பறக்கும் பூச்சிகள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை கொசுவைப் போலவே இருசிறகிகள் வரிசையைச் சேர்ந்தவை. அதாவது, இவற்றுக்கு ஓரிணைச் சிறகுகள் மட்டுமே உண்டு. பின்னிணைச் சிறகுகள் சுருங்கி, பறக்கும்போது உடலை நிலைப்படுத்தும் சிறு குமிழ்களாக மாறியுள்ளன. சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் ஆறு, கால்வாய், கோயில் குளம், கிணறு, மேல்நிலைத் தொட்டி, பூந்தொட்டி எனப் பலவகை நீர்நிலைகள் நெருக்கமாக அமைந்துள்ளன. எனவே இங்குள்ள வீட்டுத் தோட்டம் ஒன்றில் மாலை வேளையில் பறக்கும் "கொசுக்கள்" பல குடும்பங்களைச் சேர்ந்த பூச்சிகளின் கலவையாக இருப்பது இயல்பு. அவற்றுள் மனிதரைக் கடிப்பவை சில. நோய் பரப்புபவை அவற்றினும் சில.

பெயர்

உயிரியலில் கொசு என்பது குலிசிடே குடும்பத்துப் பூச்சிகளை மட்டுமே குறிக்கும். உலகில் இக்குடும்பத்தில் 3,500-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. இலங்கைத் தமிழில் இது நுளம்பு என வழங்கும்; கொதுகு என்பது பழைய வழக்கு. பேச்சு வழக்கிலோ, வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈ முதல் குளியலறைச் சுவரில் அமரும் மயிரடர்ந்த ஈ வரை அனைத்தும் "கொசு" என்றே சொல்லப்படுகின்றன. வேறு சில குடும்பங்களுக்குத் தமிழில் பரவலாக வழங்கும் தனிப்பெயர் இல்லை. கைரோனோமிடே குடும்பத்துப் பூச்சிகள் இக்கட்டுரையில் பொய்க்கொசு எனக் குறிப்பிடப்படுகின்றன.

கொசுவின் அடையாளங்கள்

கொசுவை ஐயமின்றி அறிய உதவும் உறுப்பு அதன் வாய் ஆகும். தலையிலிருந்து முன்னோக்கி நீளும் உறிஞ்சுகுழல், தலையின் நீளத்தைப் போலப் பல மடங்கு நீளமானது. ஆண், பெண் இரண்டிற்கும் இக்குழல் உண்டு. ஆண் கொசு பூந்தேன் போன்ற இனிப்பு நீர்மங்களை மட்டும் உண்ணும். பெண் கொசு அவற்றுடன், முட்டை வளர்ச்சிக்குத் தேவையான புரதத்திற்காகக் குருதியையும் உறிஞ்சும். கொசுவுடன் குழப்பப்படும் பூச்சிகள் எவற்றிலும் இவ்வளவு நீண்ட, நேரான குழலைக் காண்பது அரிது.

இரண்டாவது அடையாளம் செதில்கள். கொசுவின் சிறகு நரம்புகளிலும் சிறகின் பின்விளிம்பிலும் வண்ணத்துப்பூச்சியில் உள்ளவற்றைப் போன்ற நுண்செதில்கள் வரிசையாக அமைந்திருக்கும். பத்து மடங்கு உருப்பெருக்கும் கைக்கண்ணாடியில் இவை நன்கு தெரியும். அடித்துக் கொன்ற கொசு சுவரிலும் விரலிலும் சாம்பல் நிறத் தூளை விட்டுச் செல்வதற்கு இச்செதில்களும் ஒரு காரணமாகும்.

அமர்ந்திருக்கும் நிலையும் உதவும். கொசு அமரும்போது சிறகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக முதுகின் மீது மடித்து வைத்துக்கொள்ளும். பின்னங்கால்களைப் பெரும்பாலும் மேலே தூக்கி வைத்திருக்கும். பொய்க்கொசு இதற்கு நேர்மாறாக முன்னங்கால்களைத் தூக்கி வைத்திருக்கும். குழலைக் காண இயலாத தொலைவில் சுவரில் அமர்ந்துள்ள பூச்சியை அறிய இந்த ஒரு வேறுபாடே பெரும்பாலும் போதுமானது.

உணர்கொம்புகளை மட்டும் கொண்டு முடிவு செய்வது சரியன்று. ஆண் கொசுவின் உணர்கொம்பு இறகு போல் அடர்ந்திருக்கும். ஆண் பொய்க்கொசுவினுடையதும் அவ்வாறே இருக்கும். இறகு போன்ற உணர்கொம்பு, அப்பூச்சி ஆண் என்பதையும் ஆகவே அது கடிக்காது என்பதையும் மட்டுமே தெரிவிக்கும்.

வகை அறிதலின் முக்கியத்துவம்

கொசு வகைகளைப் பிரித்தறியாமையால் விளையும் தாமதத்திற்கு மலேரியா ஆய்வின் வரலாறே சான்றாகும். இந்திய மருத்துவப் பணியில் சென்னை மாகாணப் பிரிவைச் சேர்ந்த ரொனால்டு ராஸ், 1895 முதல் செகந்தராபாத்தில் மலேரியா நோயாளிகளைக் கடித்த கொசுக்களை அறுத்து ஆராய்ந்து வந்தார். அவர் பூச்சியியல் பயின்றவர் அல்லர்; கொசுக்களைச் "சாம்பல்", "வரி", "புள்ளிச்சிறகு" எனத் தாமே பெயரிட்டுப் பிரித்துக்கொண்டார். எளிதில் கிடைத்த முதலிரு வகைகளிலேயே அவரது உழைப்பின் பெரும்பகுதி கழிந்தது. இன்றைய பெயரில் அவை கியூலெக்சும் ஏடிசும் ஆகும். மனித மலேரியாவைப் பரப்பாதவை. புள்ளிச்சிறகுக் கொசு, அதாவது அனாபிலிஸ், கையில் கிடைத்த பின்னரே 1897 ஆகத்து 20 அன்று அதன் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியை அவர் கண்டார். இதன் தொடர்ச்சியான பணிக்காக 1902-இல் நோபல் பரிசு பெற்றார்.

சென்னையில் காணப்படும் கொசுக்கள்

கியூலெக்ஸ் குயின்குபேசியேட்டஸ் இரவில் கடிக்கும் பழுப்பு நிறக் கொசு. நகரில் மிகுதியாக உள்ள கொசுவும் இதுவே. அமரும்போது உடல் சுவருக்கு இணையாக, சற்றுக் கூன் விழுந்தது போல் காணப்படும். கழிவுநீர் கலந்த, ஓட்டம் குறைந்த நீரில் இது பெருகுகிறது. கூவம், அடையாறு, மயிலாப்பூரை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாய், தியாகராய நகரின் மாம்பலம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் இதன் தொல்லை மிகுதி. நூறு முதல் முந்நூறு வரையான முட்டைகளைத் தெப்பம் போல் ஒன்றாக ஒட்டி நீரின் மீது மிதக்க விடும். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவைப் பரப்புவது இந்த இனமாகும்.

ஏடிஸ் எஜிப்தி கருநிற உடலும் கால்களில் வெள்ளை வளையங்களும் உடையது. மார்பின் மேற்புறத்தில் யாழ் வடிவில் வெள்ளைக் கோடுகள் இருக்கும். இதன் நெருங்கிய உறவான ஏடிஸ் அல்போபிக்டசில் யாழுக்கு மாறாக நடுவே ஒரே ஒரு வெள்ளிக்கோடு ஓடும். தோட்டத்தில் செடி மறைவில் கடிப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. வீட்டினுள் மேசைக்கு அடியில் கணுக்காலைக் கடிப்பது பெரும்பாலும் முதல் வகை. இரண்டும் பகலில் கடிப்பவை. டெங்கு, சிக்குன்குன்யா ஆகிய நோய்களைப் பரப்புபவை. சிக்குன்குன்யா 1964-இல் சென்னையில் பெருமளவில் பரவியது. பல பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 2006-இல் மீண்டும் தமிழகத்தில் பரவியது. இவ்வினங்கள் சாக்கடையை நாடுவதில்லை. பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, தேங்காய் ஓடு, பழைய டயர், மூடாத பீப்பாய் போன்றவற்றில் தேங்கும் ஓரளவு தெளிந்த நீரே போதும்.

அனாபிலிஸ் ஸ்டீபன்சி நகர மலேரியாவைப் பரப்பும் கொசு. சிறகில் கரும்புள்ளிகள் உண்டு. சுவரில் தலையைத் தாழ்த்தி, வயிற்றை உயர்த்தி, சாய்வாக அமரும். பெண் கொசுவில் உறிஞ்சுகுழலின் இருபுறமும் உள்ள தாடை நீட்சிகள் குழலுக்குச் சமமான நீளமுடையவை. மற்ற பேரினங்களின் பெண்களில் இவை மிகக் குட்டையாக இருக்கும். கிணறுகளும் மூடி சரியாகப் பொருந்தாத மேல்நிலைத் தொட்டிகளும் இதன் வாழிடம். தமிழ்நாட்டின் மலேரியா நோயாளிகளுள் பெரும்பகுதியினர் பல பத்தாண்டுகள் சென்னையிலேயே இருந்ததற்கு இதுவே காரணம். இவ்வினம் 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியிலும் 2016-இல் இலங்கையின் மன்னாரிலும் கண்டறியப்பட்டது. இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டதும் அதே 2016-ஆம் ஆண்டில்தான் என்பதால் மன்னார் கண்டுபிடிப்பு மிகுந்த கவனம் பெற்றது.

ஆர்மிஜெரஸ் சப்அல்பேட்டஸ் மற்றவற்றைவிடப் பருத்தது. உறிஞ்சுகுழல் சற்றுக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். மலக்கழிவுத் தொட்டிகளில் பெருகி, அந்தி வேளையில் கூட்டமாக வந்து கடிக்கும். இதனை டெங்குக் கொசு என அஞ்சுவோர் உண்டு.

டாக்சோரிங்கைட்டிஸ் பேரினத்தைச் சேர்ந்த யானைக்கொசு இவற்றுள் மிகப் பெரியது. பச்சை, நீலம் கலந்த உலோகப் பளபளப்புடையது. கொக்கி போல் வளைந்த குழலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இதன் பெண்ணும் குருதி உறிஞ்சுவதில்லை. மரப்பொந்திலும் வெட்டிய மூங்கிலிலும் வாழும் இதன் புழுக்கள் பிற கொசுக்களின் புழுக்களைப் பிடித்துத் தின்னும். தோட்டக்காரர் கொல்லக் கூடாத கொசு இது ஒன்றே.

பொய்க்கொசுக்கள்

கைரோனோமிடே குடும்பத்துப் பூச்சிகளே கொசுவுடன் மிகுதியாகக் குழப்பப்படுபவை. உடலமைப்பு, அளவு, கால்களின் நீளம், ஆணின் இறகு போன்ற உணர்கொம்பு ஆகிய அனைத்திலும் கொசுவை ஒத்திருக்கும். ஆனால் நீண்ட குழல் இல்லை. சிறகில் செதில் இல்லை. சிறகுகள் பெரும்பாலும் வயிற்றின் நுனிவரை எட்டுவதில்லை. முதிர்ந்த பூச்சி சில நாட்களே உயிர் வாழும். பல இனங்கள் அந்நாட்களில் பெரும்பாலும் எதையும் உண்பதில்லை. கடிப்பது எதுவுமில்லை.

இவற்றின் புழுக்கள் நீரடிச் சேற்றில் வாழ்கின்றன. சில இனங்களின் புழுக்களில் மனிதக் குருதியில் உள்ளதைப் போன்ற ஈமோகுளோபின் இருப்பதால் அவை செந்நிறமாகத் தோன்றும். உயிர்வளி குறைந்த, மாசடைந்த நீரிலும் அவை வாழ்வதற்கு இதுவே உதவுகிறது. அலங்கார மீன் வளர்ப்போர் கடைகளில் மீன் உணவாக வாங்கும் செம்புழு இதுவே. வீட்டுத் தொட்டியின் அடியில் சிவந்த புழுக்களைக் கண்டோர் அவற்றைக் கொசுப்புழு எனக் கருதுவது வழக்கம். கொசுப்புழு ஒருபோதும் அவ்வாறு சேற்றில் புதைந்து வாழாது; மூச்சு விடுவதற்காக அடிக்கடி நீர்ப்பரப்புக்கு வந்து தொங்கும். கியூலெக்ஸ், ஏடிஸ் புழுக்கள் மூச்சுக்குழல் மேலிருக்கத் தலைகீழாகவும், அனாபிலிஸ் புழு நீர்ப்பரப்புக்கு இணையாகவும் காணப்படும்.

கழிவு கலந்த ஆறுகளும் முகத்துவாரமும் உள்ள நகரில் பொய்க்கொசுக்கள் பெருகுவது வியப்பன்று. அடையாற்றின் மேலுள்ள பாலங்களை மாலையில் கடக்கும் இருசக்கர வண்டியோட்டிகளின் கண்ணில் விழுபவை பெரும்பாலும் இவையே. ஆண் பூச்சிகள் மரத்தின் உச்சி, கம்பம், மனிதத் தலை போன்ற உயர்ந்த ஒன்றை அடையாளமாகக் கொண்டு அதன் மேல் தூண் போல் திரண்டு சுழலும். ஆண் கொசுக்களும் சிறு அளவில் இவ்வாறு திரள்வதுண்டு என்பதால், திரளை மட்டும் கொண்டு வகையைக் கூற இயலாது. விளக்கொளி இவற்றை வலுவாக ஈர்க்கும். காலையில் விளக்கின் கீழே குவிந்து கிடக்கும் பச்சை அல்லது பழுப்பு நிற மெல்லிய உடல்கள் பெரும்பாலும் இவற்றினுடையவை.

பொய்க்கொசு முற்றிலும் தீங்கற்றது என்றும் கூறிவிட இயலாது. சூடானில் நைல் ஆற்றங்கரை ஊர்களில் பெருந்திரளாகத் தோன்றிய ஓரினத்தின் உடல் துகள்கள் பலருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கின. புழுவில் உள்ள அதே ஈமோகுளோபினே ஒவ்வாமைக்குக் காரணம் என அறியப்பட்டது. மறுபுறம், மீன், தட்டான், தகைவிலான், வௌவால் ஆகியவற்றின் உணவில் இப்பூச்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

குளியலறை ஈயும் மணல் ஈயும்

சைக்கோடிடே குடும்பத்துக் குளியலறை ஈ, 2 முதல் 5 மி.மீ. நீளமுள்ள, உடலும் சிறகும் மயிரடர்ந்த பூச்சி. சிறகுகளை விரித்து அமரும்போது சிறு அந்துப்பூச்சி போலவும் இதய வடிவிலும் தோன்றும். நீர் வடியும் குழாயின் உட்சுவரில் படியும் வழுவழுப்பான படலத்தில் இதன் புழுக்கள் வளர்கின்றன. கடிக்காது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மணல் ஈ கடிக்கும். ஏறக்குறைய 3 மி.மீ. நீளமே உடைய இது, கொசு வலையின் கண்களிலும் நுழையக்கூடியது. சிறகுகளை ஆங்கில 'வி' எழுத்து போல் மேல்நோக்கி நிறுத்தி அமரும். தொடர்ந்து பறக்காமல் தத்தித் தத்திச் செல்லும். இவ்வகையுள் ஒன்றான பிளிபோடோமஸ் அர்ஜென்டிபஸ், கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசார் நோயைப் பரப்புகிறது. இந்நோய் இன்று பிகார் முதலிய மாநிலங்களுடன் இணைத்தே பேசப்பட்டாலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலும் இருந்தது. 1903-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், நோயாளிகளின் மண்ணீரலில் இதன் ஒட்டுண்ணியைக் கண்டார். அதே காலத்தில் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் இதனைத் தனியே கண்டு வெளியிட்டிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து அதற்கு லீஷ்மேனியா டோனவானி எனப் பெயரிட்டவர் முன்னர் குறிப்பிட்ட ரொனால்டு ராசே ஆவார். ஒட்டுண்ணி தெரிந்தும், அதனைச் சுமக்கும் பூச்சி எது என்பது நெடுங்காலம் புலப்படவில்லை. சென்னையில் ஆய்ந்த பேட்டன் மூட்டைப்பூச்சியை ஐயுற்றார். மணல் ஈயின் கடியாலேயே நோய் தொற்றுகிறது என்பது 1942-இல் அசாமில் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோரின் சோதனையால் உறுதியானது.

செடிகளைச் சார்ந்த ஈக்கள்

மாடித் தோட்டங்களில் தொட்டியைத் தொட்டவுடன் எழும் 2 முதல் 4 மி.மீ. அளவுள்ள கருநிறப் பூச்சிகள் பெரும்பாலும் சியாரிடே குடும்பத்துப் பூஞ்சை ஈக்கள் ஆகும். காளான் வளர்ப்போர் இவற்றைக் காளான் ஈ என்பர். எப்போதும் ஈரமாக இருக்கும் தென்னைநார்க் கழிவிலும் மக்கிய உரத்திலும் இவற்றின் புழுக்கள் பூஞ்சையையும் மென்மையான வேர்களையும் தின்கின்றன. நாற்றுகள் காரணமின்றி வாடினால் இவற்றை ஐயுறலாம். மேல்மண் உலரும் வரை நீர் ஊற்றாதிருப்பதே எளிய மருந்து.

செசிடோமையிடே குடும்பத்து ஈக்கள் இவற்றினும் நுண்ணியவை. மணி கோத்தது போன்ற உணர்கொம்புகள் உடையவை. உழவர் நன்கறிந்த ஆனைக்கொம்பன் ஈ இக்குடும்பத்தது. அது தாக்கிய நெற்பயிரின் நடுக்குருத்து, யானைத் தந்தம் போன்ற வெளிறிய குழலாக மாறுவதால் இப்பெயர் பெற்றது. நகரத் தோட்டத்தில் நெல் இல்லை, மல்லிகை உண்டு. கான்டரீனியா மாகுலிபெனிஸ் என்னும் ஈயின் புழுக்கள் மல்லிகை மொக்கின் அடிப்பகுதியைத் தின்பதால், மொக்கு வீங்கி, ஊதா நிறமடைந்து, மலராமல் உதிரும். மாவிலைகளில் தோன்றும் சிறு கொப்புளங்களும் இக்குடும்பத்து மற்றோர் ஈயால் உண்டாகுபவை.

டிப்புலிடே குடும்பத்து நெடுங்கால் ஈ, "பெருங்கொசு" என அஞ்சப்படும் பூச்சி. கால்கள் தொட்டாலே ஒடிந்துவிடும். மார்பின் மேல் 'வி' வடிவப் பள்ளம் இருக்கும். மழைக்குப் பின் ஈரச் சருகுள்ள இடங்களில் தோன்றும், கடிக்காது. செரட்டோபோகனிடே குடும்பத்துச் சிற்றீக்களோ 1 முதல் 3 மி.மீ. அளவே இருந்தும் சுருக்கெனக் கடிக்கும். இவற்றுள் குலிகாய்டிஸ் பேரினத்தவை ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புகின்றன.

இருசிறகிகள் அல்லாதவை

தென்னை, கொய்யா, செம்பருத்தி ஆகியவற்றின் இலையை அசைத்ததும் வெண்துகள் போல் எழுபவை வெள்ளை ஈக்கள். பெயரில் ஈ இருப்பினும் இவை நான்கு சிறகுகள் கொண்ட, சாறு உறிஞ்சும் பூச்சிகள். 2016-இல் பொள்ளாச்சியில் முதன்முதலாக அறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. இதன் கழிவின் மேல் வளரும் கரும்பூசணம் கீழுள்ள செடிகளையும் மூடிவிடும். தீபாவளியை ஒட்டிய நாட்களில் விளக்கைச் சூழும் சிறு பச்சைப் பூச்சிகள் தத்துப்பூச்சிகள் ஆகும். தொட்டால் பறப்பதற்கு முன் குதிக்கும் என்பதே இவற்றின் அடையாளம்.

பிடித்துப் பார்க்கும் முறை

அடித்துக் கொன்ற பூச்சியில் செதில்களும் கால்களும் சிதைந்துவிடுவதால் வகை அறிவது கடினம். சுவரில் அமர்ந்துள்ள பூச்சியின் மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து, அடியில் தடித்த தாளைச் செருகி மூடலாம். குவளையைச் சற்று நேரம் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் பூச்சி அசைவற்றுவிடும். வெள்ளைத் தாளில் பக்கவாட்டில் கிடத்தி முதலில் வாயையும், பின் சிறகையும், அதன்பின் கால் வளையங்களையும் மார்பின் கோடுகளையும் காண வேண்டும். கைப்பேசியின் ஒளிப்படக் கருவியும் இதற்குப் போதுமானது.

கட்டுப்பாடு

தவறாக அறிந்த பூச்சிக்குச் செய்யும் மருந்து பயனற்றுப் போகிறது. கால்வாயோரம் அடிக்கப்படும் புகை மருந்து அவ்வேளையில் வெளியே பறக்கும் முதிர்பூச்சிகளை மட்டுமே கொல்லும். பொய்க்கொசுவும் கியூலெக்சும் அதில் அகப்படலாம். பகலில் வீட்டினுள் திரைச்சீலைக்குப் பின் ஓய்வெடுக்கும் ஏடிசுக்கு அதனால் பெரிய இடர் ஏதுமில்லை. தியாகராய நகரில் ஒரு தெருவினர் கால்வாயைத் தூர்வாரக் கோருவது நியாயமே. ஆயினும் அத்தெருவில் டெங்கு இருப்பின், அதன் ஊற்று கால்வாயில் அன்றி மாடியிலும் பூந்தொட்டித் தட்டிலும் இருக்கும்.

சென்னையின் வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசு உருவாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே நீர்க்கலன்களை வாரம் ஒருமுறை வெறுமையாக்கினால் சுழற்சி அறுபடும். ஏடிஸ் தன் முட்டைகளை நீரில் இடாமல், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே கலனின் உட்சுவரில் ஒட்டிவைக்கும். உலர்ந்த நிலையில் அவை பல மாதங்கள் உயிருடன் இருக்கும். நீரைக் கொட்டுவதுடன் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவதும் தேவைப்படுவது இதனால்தான். கிணறுகளில் மாநகராட்சி விடும் கம்பூசியா மீன் அனாபிலிஸ் புழுக்களைத் தின்னும். ஆனால் அயல்நாட்டு மீனான அது குளங்களில் பரவினால் உள்ளூர் சிறுமீன்களுக்கும் தவளைக் குஞ்சுகளுக்கும் கேடாகும்.

தோட்டங்களில் தொங்கவிடப்படும் ஊதா ஒளி மின்பொறிகள் கொசு பிடிக்கும் கருவிகள் என்றே விற்கப்படுகின்றன. குருதி தேடும் பெண் கொசுவை ஈர்ப்பவை மூச்சுக்காற்றின் கரியமில வாயு, உடல் மணம், உடல் வெப்பம் ஆகியவை, ஒளி அன்று. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் செய்யப்பட்டு 1996-இல் வெளியான ஆய்வொன்றில், வீட்டுத் தோட்டங்களில் வைத்த இத்தகைய பொறிகளில் இறந்த 13,789 பூச்சிகள் எண்ணப்பட்டன. அவற்றுள் கடிக்கும் பூச்சிகள் 31 மட்டுமே.